காளான் புழுவையும் கனிவோடு பார்த்த ஏழை ஆசிரியர்: ழான் ஆன்றி ஃபாபர்

நல்ல மழை பெய்து ஓய்ந்த ஓரிரு நாளில் செம்பனைத் தோட்டத்து ஓரங்களிலும், வெட்டிப் போட்ட பால்மரக் கட்டைகளிலும் காளான்கள் முளைத்து நிற்பதைப் பார்த்திருப்போம். அவற்றில் சற்று முற்றிய ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால், உள்ளே வெள்ளை நூல் துண்டுகள் போலப் புழுக்கள் நெளியும். உளுத்துப்போன மரத்தின் பட்டையை உரித்தாலும் அப்படித்தான். பெரும்பாலோர் முகம் சுளித்துத் தூக்கி எறிந்துவிடுவோம். அந்தப் புழு யார், எங்கிருந்து வந்தது, வளர்ந்தால் என்னவாகும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

அப்படிக் கேட்பதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட ஒரு மனிதர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். பணக்காரர் அல்லர். பெரிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் அல்லர். கிராமத்து ஏழை வீட்டில் பிறந்து, தெருவில் எலுமிச்சம்பழம் விற்று, பிறகு பள்ளி ஆசிரியரானவர். அவர்தான் ழான் ஆன்றி ஃபாபர். பூச்சிகளின் வாழ்க்கையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படுபவர்.

அவருடைய வாழ்க்கை நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பல செய்திகளைச் சொல்கிறது. காளான் பறித்துச் சமைப்பவர்களுக்கோ, உயிரைக் காக்கும் ஒரு பாடமும் அதில் இருக்கிறது.

வறுமையில் பிறந்த பிள்ளை

தென் பிரான்சின் மலைப்பாங்கான அவேரோன் பகுதியில், சேன் லெயோன் என்ற சிற்றூரில் 1823 டிசம்பரில் ஃபாபர் பிறந்தார். பெற்றோரால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போட முடியாத நிலை. அதனால் சிறு வயதிலேயே தாத்தா பாட்டியின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆடு மாடு, புல்வெளி, சேற்று நிலம் ஆகியவற்றுக்கு நடுவில்தான் அவருடைய முதல் பாடம் நடந்தது.

ஏழு வயதில் சொந்த ஊர்ப் பள்ளிக்குத் திரும்பினார். அந்தப் பள்ளி ஒரே அறை. அதுவே சமையலறை, அதுவே படுக்கையறை. கதவு திறந்தால் கோழிகளும் பன்றிக் குட்டிகளும் உள்ளே வந்துவிடும். ஆசிரியரோ முடி திருத்துபவர், கோயில் மணி அடிப்பவர், பண்ணையாரின் சொத்தைப் பார்த்துக்கொள்பவர் என்று பல வேலை செய்தவர். இருந்தும் அங்கேதான் ஃபாபர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

பிழைப்புத் தேடி குடும்பம் ரோடேஸ் நகருக்குப் போனது. தந்தை சிறிய காப்பிக் கடை வைத்தார். கட்டணம் கட்ட வழியில்லாததால், தேவாலயத்தில் பூசைக்கு உதவி செய்து, அதற்கு ஈடாக மகன் இலவசமாகப் படித்தான். கடை ஓடவில்லை. ஊர் ஊராக மாறினார்கள். எங்கேயும் நிலைக்கவில்லை. கடைசியில் குடும்பமே சிதறியது. பதின்ம வயதுப் பையன் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றான். புதிதாகப் போடப்பட்ட இரயில் பாதையில் கூலி வேலை செய்தான். கையில் இருக்கும் காசுக்கு ரொட்டியா, புத்தகமா என்று முடிவு செய்ய வேண்டிய நாள்களும் அவனுக்கு இருந்தன.

அந்த நிலையில்தான் அவிஞ்ஞோன் நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி உதவித்தொகைக்குத் தேர்வு அறிவித்தது. ஃபாபர் எழுதினார், முதலிடத்தில் தேறினார். தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தன. ஓர் உதவித்தொகை ஒரு பிள்ளையின் தலையெழுத்தை எப்படி மாற்றும் என்பது நம் தோட்டப் பள்ளிகளில் படித்து மேலே வந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆண்டுக்கு 700 பிராங்கு

1842-இல், பத்தொன்பது வயதுகூட நிறையாத ஃபாபர் கார்பான்திராஸ் நகரில் தொடக்கப்பள்ளி ஆசிரியரானார். சம்பளம் ஆண்டுக்கு 700 பிராங்கு. அதைக் கொண்டு குடும்பம் நடத்துவது பெரும்பாடு. 1844-இல் மரி செசரின் வில்லார் என்ற ஆசிரியையை மணந்தார்.

பிள்ளைகளை வயல்வெளிக்கு அழைத்துப் போய் நில அளவை கற்றுக்கொடுப்பது அவர் வழக்கம். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. மாணவர்கள் அளவுக்கோலை விட்டுவிட்டுக் கல்லைப் புரட்டி, அங்கே ஒரு வகைக் காட்டுத் தேனீ மண்ணால் கட்டியிருந்த கூட்டிலிருந்து வைக்கோல் துரும்பால் தேன் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரும் குனிந்து பார்த்தார். அந்தத் தேனீயைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள, ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பூச்சிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கினார். வீட்டுச் செலவுக்குத் துண்டு விழுந்தது. ஆனால் அவருடைய வாழ்க்கைப் பாதை அந்தப் புத்தகத்தில்தான் தொடங்கியது.

பகலில் வேலை, இரவில் படிப்பு என்று தனியாகவே படித்துக் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். 1849-இல் கோர்சிகா தீவில் இயற்பியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. அங்கே வந்த மோக்கேன் தாந்தோன் என்ற இயற்கையியல் அறிஞர், ஒரு தட்டு நீரில் நத்தையை வைத்து, தையல் ஊசியாலும் கத்திரிக்கோலாலும் அதன் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே உயிர்களை ஆராயலாம் என்பதை ஃபாபர் அன்று உணர்ந்தார். கணிதத்தை விட்டு உயிரியலுக்கு வரும்படி அவர் சொன்ன யோசனையையும் ஏற்றுக்கொண்டார்.

வழிகாட்டிய ஒரு மருத்துவர்

கோர்சிகாவில் மலேரியா காய்ச்சல் பிடித்ததால் ஃபாபர் தாய்நிலத்துக்குத் திரும்பி, 1853-இல் அவிஞ்ஞோன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு குளிர்கால இரவில் அவர் கைக்கு ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் லெயோன் துயஃபூர். நெப்போலியனின் படையில் ஸ்பெயின் போரின்போது மருத்துவராக இருந்தவர். பிறகு தம் ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டே பூச்சிகளை ஆராய்ந்தவர்.

இந்தத் துயஃபூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். காளானுக்குள் வாழும் புழுக்களை அருவருப்பாகப் பார்க்காமல், அவற்றை வளர்த்து, எந்தப் புழு எந்த ஈயாக மாறுகிறது என்று வரிசைப்படுத்த முனைந்த முன்னோடி அவர். 1839-ஆம் ஆண்டிலேயே காளான் தின்னும் ஈப் புழுக்களின் உருமாற்றத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார்.

ஃபாபர் படித்த கட்டுரை ஒரு குளவியைப் பற்றியது. அந்தக் குளவி வண்டுகளைப் பிடித்துத் தன் குஞ்சுகளுக்காக மண்ணில் புதைத்து வைக்கும். வண்டுகள் பல நாளானாலும் கெடுவதில்லை. செத்த வண்டைக் கெடாமல் வைக்கும் ஏதோ மருந்தைக் குளவி செலுத்துகிறது என்று துயஃபூர் முடிவு செய்திருந்தார். ஃபாபர் அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு குளவியை வெயிலில் நின்று கவனித்தார். வண்டு சாகவே இல்லை, அதன் நரம்பு மையத்தில் கொட்டி அசைய முடியாமல் முடக்கி வைத்திருக்கிறது என்று நிறுவினார். 1855-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. குருவைப் போல மதித்தவரின் தவற்றைத் திருத்த வேண்டி வந்தபோதும் மரியாதை குறையாமல் திருத்தினார். துயஃபூரும் அதைப் பெருந்தன்மையோடு பாராட்டினார். மறு ஆண்டு பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசு வழங்கியது. 1859-இல் வெளிவந்த சார்லஸ் டார்வினின் புகழ்பெற்ற நூலிலும் ஃபாபரின் பெயர் இடம்பெற்றது. பின்னாளில் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பரிணாமக் கொள்கையை ஃபாபர் கடைசி வரை ஏற்கவில்லை. அதில் காலம் டார்வின் பக்கம்தான் நின்றது. ஆனால் கருத்து வேறுபாடு இருவருடைய நட்பையும் கெடுக்கவில்லை.

வீட்டைவிட்டு வெளியேற்றிய பாடம்

ஃபாபருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பதவியைக் கௌரவத்தோடு வகிக்கச் சொந்தச் சொத்து வேண்டியிருந்தது. பணம் சேர்க்க அவர் ஒரு வழி தேடினார். துணிக்குச் சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வகைச் செடி அந்த வட்டாரத்தின் பணப்பயிர். அதிலிருந்து சுத்தமான சாயம் எடுக்கும் முறையைப் பல ஆண்டு உழைத்துக் கண்டுபிடித்தார். பலன் கைக்கு வரும் நேரத்தில், ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதே சாயத்தைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். செயற்கைச் சாயம் வந்ததும் செடியின் சந்தை சரிந்தது. செயற்கை ரப்பர் வந்தபோது பால்மரத்தின் விலை என்ன பாடுபட்டது என்பதை அறிந்த நமக்கு அந்த வேதனை புரியும்.

1868-இல் கல்வி அமைச்சர் விக்தோர் துயுருய் அவரைப் பாரிசுக்கு வரவழைத்து அரசின் உயரிய விருதை அணிவித்தார். மன்னர் மூன்றாம் நெப்போலியனின் முன்னும் நிறுத்தினார். பெண் பிள்ளைகளுக்கும் இடைநிலைக் கல்வி தர வேண்டும் என்று அமைச்சர் தொடங்கிய வகுப்புகளில் ஃபாபர் ஆர்வத்தோடு பாடம் நடத்தினார். பூக்களில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று அந்தப் பெண்களுக்கு விளக்கினார். அதுவே குற்றமாகிவிட்டது. இளம்பெண்களுக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று பழமைவாதிகள் கொதித்தெழுந்தார்கள். அவருக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்தவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டு, ஃபாபரைக் குடும்பத்தோடு காலி செய்யச் சொன்னார்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாததால் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

கையில் காசில்லாத அந்த நேரத்தில் உதவியவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவிஞ்ஞோனில் வசித்த மில், செடி கொடிகளைத் தேடும் ஆர்வத்தால் ஃபாபருக்கு நண்பரானவர். எந்தப் பத்திரமும் எழுதி வாங்காமல் 3,000 பிராங்கு கடன் கொடுத்தார். ஃபாபர் ஒராஞ்சு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் பாடநூல்களை இரவு பகலாக எழுதி அந்தக் கடனை முழுவதும் அடைத்தார்.

1877-இல் அவருக்கு வாழ்நாளின் பெரிய இடி விழுந்தது. பூச்சி தேடுவதில் அவருக்கு வலது கையாக இருந்த மகன் ழூல் பதினாறு வயதில் இறந்தான். ஃபாபரும் நோயுற்றுச் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினார். பின்னர் தாம் கண்ட சில குளவி இனங்களுக்கு மகனின் பெயரையே சூட்டினார்.

ஒரு எக்டர் தரிசு நிலம்

1879-இல், ஐம்பத்தைந்து வயதில், செரிஞ்ஞான் என்ற கிராமத்தில் ஏறக்குறைய ஒரு எக்டர் நிலம் வாங்கினார். கல்லும் முள்ளும் நிறைந்த தரிசு. அந்த வட்டார மொழியில் அப்படிப்பட்ட நிலத்துக்கு அர்மாஸ் என்று பெயர். விவசாயிக்கு உதவாத அந்த இடம் பூச்சிகளுக்குச் சொர்க்கம். அதே ஆண்டு அவருடைய பூச்சியியல் நினைவுகள் நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. 1907 வரை மொத்தம் பத்துத் தொகுதிகள் வந்தன.

அங்கே அவருடைய ஆய்வுக்கருவிகள் என்ன தெரியுமா? கண்ணாடிச் சாடிகள், மணல் நிரப்பிய பூந்தொட்டிகள், கம்பி வலை மூடிகள், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. இறந்த பூச்சியை ஊசியில் குத்திப் பெட்டியில் வைப்பதைவிட, உயிரோடு இருக்கும்போது அது என்ன செய்கிறது என்று பார்ப்பதையே அவர் விரும்பினார்.

காளானைக் குடிக்கும் புழுக்கள்

இலையுதிர் காலத்தில் செரிஞ்ஞானைச் சுற்றியிருந்த காடுகளில் காளான்கள் ஏராளமாக முளைக்கும். ஃபாபருக்கு அவற்றின் மேல் தனிக் காதல். காளானைச் செடியைப் போல உலர்த்தி வைத்தால் நிறமும் வடிவமும் போய்விடும். அதனால் ஒவ்வொன்றையும் அதன் உண்மையான அளவிலும் நிறத்திலும் நீர்வண்ணத்தில் தீட்டினார். அப்படி நூற்றுக்கணக்கான ஓவியங்கள் சேர்ந்தன. ஓவியப் பள்ளிக்குப் போகாமலே வரைந்தவை அவை.

காளானை வரைந்தவர் அதைத் தின்ன வந்தவர்களையும் விடவில்லை. காளான் தின்னும் பூச்சிகள் இரண்டு விதம் என்று கண்டார். வண்டுகளும் சில அந்துப்பூச்சிகளின் புழுக்களும் காளானைக் கடித்து மென்று தின்கின்றன. ஈக்களின் புழுக்களோ அப்படி மெல்வதில்லை. அவை காளானை முதலில் கஞ்சி போலக் கரைத்து, பிறகு குடிக்கின்றன. ஈப் புழுக்கள் நிறைந்த காளான் ஒன்றைச் சாடியில் வைத்தால், சில நாளில் அது கருத்துக் கூழாகிவிடும்.

இது வெறும் ஊகமல்ல என்பதைக் காட்ட அவர் செய்த சோதனை மிக எளிமையானது. நம் வீட்டு மாணவர்களும் படித்து ரசிக்கலாம். அவித்த முட்டையின் வெள்ளைக் கருவைச் சிறு துண்டுகளாக்கி இரண்டு கண்ணாடிக் குழாய்களில் போட்டார். ஒன்றில் பச்சை ஈயின் முட்டைகளைச் சேர்த்தார், மற்றதைச் சும்மா விட்டார். முட்டை பொரித்துப் புழுக்கள் வந்த குழாயில், கெட்டியான வெள்ளைக் கரு தண்ணீராகக் கரைந்தது. அந்தத் தண்ணீரிலேயே சில புழுக்கள் மூழ்கும் அளவுக்கு ஆனது. மற்றக் குழாயில் இருந்தது கரையவில்லை. ஆகவே கரைத்தது புழுதான். நம் வயிற்றுக்குள் நடக்கும் செரிமானம் அந்தப் புழுவுக்கு வெளியிலேயே நடந்துவிடுகிறது.

உயிரைக் காக்கும் பாடம்

பூச்சி அரித்த காளான் நஞ்சில்லாதது, மனிதனும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கை உலகில் பல இடங்களில் உண்டு. ஃபாபர் அதைத் தம் சாடிகளில் சோதித்தார். மனிதனுக்குக் கேடு செய்யும் என்று பெயரிலேயே சாத்தானைச் சுமக்கும் ஒரு காளானை ஈப் புழுக்கள் விருந்தாக உண்டன. ஆகவே புழுவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது மனிதனின் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பது தவறு என்று அவர் தெளிவாகச் சொன்னார். இன்றைய அறிவியலும் அதையே சொல்கிறது. மனிதனின் ஈரலை அழிக்கும் காளான் நஞ்சைத் தாங்கி வளரும் சிற்றீ இனங்கள் உண்டு.

ஆனால் இதே விசயத்தில் ஃபாபர் சொன்ன இன்னொரு கருத்தை நாம் ஏற்கக்கூடாது. அவருடைய கிராமத்தார் காளானை உப்பு நீரில் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பார்கள். அதனால் ஆபத்து நீங்கிவிடுகிறது என்று அவர் நம்பினார். இது எல்லாக் காளானுக்கும் பொருந்தாது. மரணத் தொப்பி எனப்படும் காளானின் நஞ்சு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழியாது. சாப்பிட்டுப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும்போது நஞ்சு ஈரலுக்குப் போயிருக்கும். தோட்டத்திலோ காட்டிலோ பறித்த காளானை, நன்றாகத் தெரிந்தவர் உறுதி செய்யாமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம். புழு தின்றிருக்கிறது என்பதும், வெள்ளிக்காசு கருக்கவில்லை என்பதும் சான்று ஆகாது. சாப்பிட்ட பின் உடல்நலம் கெட்டால், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போவதே அறிவுடைமை.

மரத்துக்குள் மூன்று ஆண்டு

குளிர்காலத்துக்கு விறகு வாங்கும்போது, பூச்சி துளைத்த, பாழ்பட்ட கட்டைகளாகப் பார்த்துத் தரும்படி ஃபாபர் கேட்பாராம். விறகுவெட்டி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பான். கட்டையைப் பிளக்கும்போது உள்ளே இருக்கும் குடித்தனங்களைப் பார்ப்பதுதான் அவருடைய நோக்கம்.

கருவாலி மரக் கட்டைக்குள் நீளக் கொம்பு வண்டின் புழு இருந்தது. அது மூன்று ஆண்டு இருட்டில் மரத்தைத் தின்றபடியே ஊர்ந்து செல்கிறது. அதற்குக் கண் இல்லை. ஓசைக்கும் வாசனைக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை என்று ஃபாபர் சோதித்துப் பார்த்தார். இருந்தும் கூட்டுப்புழுவாகும் காலம் வந்ததும், மரத்தின் ஆழத்திலிருந்து பட்டைக்கு மிக அருகில் வந்து ஒரு வழி அமைத்து வைக்கிறது. ஏனென்றால் வளர்ந்த வண்டுக்கு அந்தக் கெட்டி மரத்தைத் துளைத்து வெளியேறும் ஆற்றல் இல்லை. தான் பார்க்கப்போகாத வெளிச்சத்துக்காக அந்தப் புழு முன்கூட்டியே கதவு வைக்கிறது.

புழுவை அடையாளம் காண்பது எப்படி?

புழு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், காளானிலும் உளுத்த மரத்திலும் இருப்பவை பல குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆர்வமுள்ள மாணவர்களுக்காகச் சில அடையாளங்களைப் பார்ப்போம்.

முதலில் காலைப் பார்க்க வேண்டும். ஈ இனத்துப் புழுக்களுக்குக் கணுவுள்ள கால் கிடையாது. தலைக்குப் பின்னால் மூன்று சோடிக் கால் இருந்தால் அது பெரும்பாலும் வண்டின் புழுவாகவோ அந்துப்பூச்சியின் புழுவாகவோ இருக்கும். மரம் துளைக்கும் சில வண்டுப் புழுக்களுக்குக் கால் இருப்பதே தெரியாது. ஆனால் அவற்றின் கெட்டியான தலையும் பலமான தாடையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து தலை. காளானில் இருக்கும் மெலிந்த வெள்ளைப் புழுவுக்குப் பளபளக்கும் கருந்தலை இருந்தால், அது கொசு போலத் தோன்றும் காளான் ஈயின் புழு. தலையே தெரியாமல், முன்பக்கம் கூர்மையாகவும் பின்பக்கம் மொட்டையாகவும் இருந்தால், அது வீட்டு ஈயின் உறவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் வாய் இரண்டு சிறு கறுப்புக் கொக்கிகள்தாம். மொட்டையான பின்பக்கத்தில் இரண்டு கரும்புள்ளிகள் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் அவற்றைக் கண் என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் அவை மூச்சுத் துளைகள். வாயைக் கூழுக்குள் புதைத்துக்கொண்டு பின்பக்கத்தால் மூச்சு விடுவதற்காகவே அந்த ஏற்பாடு.

மரப்பொந்தில் தேங்கிய அழுக்கு நீரில், எலி வால் போல நீண்ட குழாயோடு இருக்கும் புழு ஒரு வகை மலர் ஈயுடையது. அந்த வால் நீருக்கு மேல் நீட்டும் மூச்சுக்குழாய். பட்டைக்கு அடியிலும் மக்கிய குப்பையிலும் தட்டையாக, தோல் போலக் கெட்டியாக இருப்பது படைவீரன் ஈயின் புழு. சமையலறைக் கழிவைத் தின்னவிட்டுக் கோழிக்கும் மீனுக்கும் தீனியாக இப்போது வளர்க்கப்படும் கறுப்புப் புழுவும் அந்தக் குடும்பம்தான்.

இத்தனை அடையாளம் இருந்தும், எந்த இனம் என்று உறுதியாகச் சொல்லப் பெரும்பாலும் ஒரே வழிதான் கைகொடுக்கும். துயஃபூரும் ஃபாபரும் காட்டிய வழி அது. புழுவை அது இருந்த காளானோடும் மரத்துண்டோடும் சேர்த்துச் சாடியில் வைத்து, கீழே சிறிது ஈர மணல் பரப்பி, மேலே துணி கட்டி, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். சிறகு முளைத்து ஈ வெளியே வரும்போதுதான் அதன் பெயர் தெரியும். எந்த நாள், எந்த மரம், எந்தக் காளான் என்று எழுதி வைக்காவிட்டால் காத்திருந்ததில் பயனில்லை.

வளர்க்காமல் முடிவு கட்டினால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு ஃபாபரே ஓர் எடுத்துக்காட்டு தந்தார். கொத்தனார் தேனீயின் கூட்டுக்குள் வாழும் ஓர் ஈயின் புழுவை அவர் பல ஆண்டு ஆராய்ந்தார். கூட்டைத் துளைக்க வழியே இல்லாத அந்தக் கொழுத்த புழு எப்படி உள்ளே போனது என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கடைசியில் மயிரிழை போன்ற ஒரு நுண்ணிய புழுவைக் கண்டார். அது கூட்டின் மிகச் சிறிய விரிசல் வழியே நுழைந்து, உள்ளே போனபின் உருவம் மாறிக் கொழுத்த புழுவாகிறது. தனித்தனியாகப் பார்த்தவர்கள் இரண்டும் வேறு உயிர்கள் என்றே சொல்லியிருப்பார்கள். இரண்டும் ஒரே ஈயின் இரண்டு பருவங்கள்.

தாமதமாக வந்த புகழ்

1885-இல் முதல் மனைவி இறந்தார். பின்னர் மறுமணம் செய்துகொண்டார். அந்த வழியிலும் மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். காளான் தேடவும் பூச்சி பிடிக்கவும் அந்தப் பிள்ளைகளே அவருக்கு உதவியாளர்கள்.

காலப்போக்கில் அவருடைய பாடநூல்கள் பள்ளிகளில் வழக்கொழிந்தன. வருமானம் நின்றது. எண்பது வயதைத் தாண்டிய முதியவர், தாம் பார்த்துப் பார்த்துத் தீட்டிய காளான் ஓவியங்களை விற்றுவிடலாமா என்று எண்ணும் நிலை வந்தது. நண்பர்கள் விழித்துக்கொண்டார்கள். 1910 ஏப்ரலில் செரிஞ்ஞானில் அவருக்குப் பெரிய பாராட்டு விழா நடந்தது. அரசு ஓய்வூதியம் வந்தது. புத்தகங்கள் விற்றன. 1913-இல் பிரான்சு அதிபர் புவன்காரே அந்தத் தரிசு நிலத்துக்கே வந்து அவரைக் கண்டார்.

1915 அக்டோபர் 11-ஆம் நாள், தொண்ணூற்றொரு வயதில் ஃபாபர் காலமானார். அவர் வாழ்ந்த வீடும் நிலமும் இன்று பிரான்சின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் உள்ளன. அவருடைய காளான் ஓவியங்கள் நிறம் மங்காமல் பாதுகாக்கப்படுகின்றன. ஜப்பானில் அவருடைய நூல் பிள்ளைகளின் அன்புக்குரிய வாசிப்பாகத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஃபாபரிடம் பெரிய ஆய்வுக்கூடம் இருக்கவில்லை. இருந்தது ஒரு சாடி, ஒரு பிடி மணல், ஒரு குறிப்புப் புத்தகம், அவசரப்படாத கண்கள். இவை நம் தோட்டப்புறத்துப் பள்ளியிலும், அடுக்குமாடி வீட்டிலும் கிடைக்காதவை அல்ல. நம் நாட்டின் ஒரு உளுத்த செம்பனைத் தண்டிலும் பல உயிர்கள் குடியிருக்கின்றன. கொம்பு வண்டின் புழு முதல் கண்ணுக்குத் தெரியாத சிற்றீயின் புழு வரை அதில் உண்டு. அவற்றில் பலவற்றை யாரும் இன்னும் வளர்த்துப் பார்த்துப் பெயர் சொன்னதில்லை.

அடுத்த முறை பிள்ளை ஒரு புழுவைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து இது என்ன என்று கேட்டால், கையைக் கழுவச் சொல்லுங்கள். ஆனால் கேள்வியையும் சேர்த்துக் கழுவிவிடாதீர்கள். பழைய ஜாம் போத்தல் ஒன்றைத் தேடிக் கொடுத்து, மூடியில் துணி கட்டி, என்ன வெளியே வருகிறது என்று இருவரும் சேர்ந்து காத்திருந்து பாருங்கள்.